ஒன்பதுகள் அச்சடித்த கேசட்

நாற்பதைத் தாண்டிய வயதில், இடப்பள்ளி மாலில், மீசை முளைக்காத பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று புதிய கேம் பெட்டி வாங்கி வந்தவன் நான். பிரித்ததும் எழுந்த புது பிளாஸ்டிக் வாசனையை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணை மூடி முகர்ந்தேன்.

அந்த வாசனைதான் எனக்கு எமன். தொண்ணூறுகளில், மட்டாஞ்சேரியில், கார்ப்பரேஷன் வண்டி ஓட்டிய அப்பா ஒரு "டிவி கேம்" வாங்கி வந்தபோதும், பக்கத்துக் கிடங்கின் சுக்கு நெடியை மீறி இதே வாசனைதான் வீட்டை நிறைத்தது. அடாப்டர் சூடானால், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல அம்மா அதன்மேல் ஈரத்துணி போடுவாள். நாங்கள் பிழைத்தது அடிக்கடி கரண்ட் போனதால்தான்.

கூட வந்த மஞ்சள் "கேசட்"டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருந்தது. அதுவரை ஆடாத ஒன்றைத் தேடி, நானும் கலா அக்காவும் விடுமுறை முழுக்கப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனோம். பெயர்தான் மாறியது, வந்ததென்னவோ அதே பீரங்கி வண்டி, அதே வாத்து, ஒருமுறை சிவப்புச் சட்டையிலும் மறுமுறை பச்சைச் சட்டையிலும் ஓடிக் குதிக்கும் அதே ஆள். நான் அழுதேன். அக்கா கேசட்டோடு கடைக்கே போனாள்.

"சேட்டா, இதுல ஏழு கேம்தான் இருக்கு!"

கடைக்காரர் சாயாவை உறிஞ்சினார். "மோளே, எத்தனையோ பேருக்குக் கொடுத்திட்டுண்டு. எண்ணி நோக்கினது நீ மாத்திரமாணு."

எண்ணிப் பார்த்தது அக்கா மட்டும்தான் என்று அவராவது ஒப்புக்கொண்டார். இரண்டாயிரங்களில் வந்த ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் ஓடியவன் கேட்கிறேன்: இந்தக் கம்பெனிகளுக்கு அந்த நாணயமாவது உண்டா? இந்தப் புதுப் பெட்டியில் நாயகனின் நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாகத் தெரிகிறது. அவன் செய்வதோ அன்று செய்ததேதான், ஓடு, ஒளி, சுடு. ஆட்டத்தின் பெயருக்குப் பின்னால் எண் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. வியர்வை வரைய ஒரு படையே வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஓர் ஆட்டம் யோசிக்க ஒரு மனிதன் கிடைக்கவில்லையா? அந்தப் பழைய கடை இன்று இல்லை; அங்கே பயணிகளுக்குப் புராதனப் பித்தளை விற்கிறார்கள், போன மாதம் செய்த புராதனம்.

சென்ற ஞாயிறு சுள்ளிக்கல்லிலிருந்து வந்த அக்காவிடம் இதையெல்லாம் கத்தித் தீர்த்தேன். அவள் பெட்டியின் திரையிலேயே ஆட்டங்கள் விற்கும் கடையைத் திறந்து, பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள். மழையை நகர்த்தும் ஆட்டம், தொலைந்த தபால்களைச் சேர்ப்பிக்கும் ஆட்டம், யாரும் யாரையும் சுடாத ஆட்டங்கள்.

"இதெல்லாம் புதுசுதானேடா? ஆடிப் பாத்தியா?"

"இல்லக்கா. எப்படி ஆடணும்னே தெரியல."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு. உன்னை மாதிரி ஆளு இருக்கறதாலதான்டா கம்பெனிக்காரன் பழசையே விக்கிறான்."