முப்பத்திரண்டில் ஒரு பங்கு

எங்கள் மாமா, சொந்தக்காரர் பேசிவந்த பெண்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டு, ஒக்லகோமாவிலிருந்து ரொறொன்ரோவுக்குப் படிக்க வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். மாமி, சொக்டா என்ற அமெரிக்க ஆதிக்குடியின் வழிவந்தவர். அஜக்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் குடியிருந்து, இரண்டு வருடத்துக்குள் சொதி வைக்கவும் எங்கள் தமிழைப் பேசவும் நன்றாகப் பழகிவிட்டார்.

அவர்களுக்கு மகளாக என் மச்சாள் பிறந்ததும் மாமிக்கு ஒரே பிடிவாதம். தன்னையும் பிள்ளையையும் சொக்டா அங்கத்தவர்களாகப் பதிந்தே தீரவேண்டும். அதற்கு, அமெரிக்க அரசாங்கம் எடுத்த பழைய குடிப்பதிவில் பெயர் இருந்த தன் அப்பாவின் அம்மம்மாவான பூட்டி வரைக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்றிதழ் காட்ட வேண்டும். மாமியின் அப்பாவோ வீட்டில் பிறந்தவர். பிறப்பையே யாரும் பதியவில்லை. மாமி விடுவதாயில்லை. மத்தியானங்களில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒக்லகோமாவிலுள்ள பதிவு அலுவலகத்துக்கு ஃபோன் எடுப்பார். இல்லை என்பார்கள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் எடுப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்த புதிது. கண்டதையெல்லாம் வகுத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பதிவில் பூட்டியின் பெயருக்குப் பக்கத்தில் 'இரத்தம் அரைவாசி' என்று எழுதியிருக்கிறதென மாமி சொன்னதும் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பூட்டிக்கு அரை, அவருடைய மகளுக்குக் கால் என்று இறங்கி வந்தால், மச்சாளுக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சியது. இவ்வளவு சொற்பமா என்று உண்மையிலேயே பயந்துபோனேன்.

பிறகொரு நாள் மச்சாளுக்கு இரத்தப் பரிசோதனை. அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். தாதி ஊசியோடு கிட்ட வந்ததும், நான் மச்சாளின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"எடுக்க வேண்டாம். அந்தப் பங்கு உதுக்குள்ள வந்திட்டால் பிறகு எப்பிடிப் பதியிறது?"

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "கையை எடடா. அரைவாசி, கால்வாசி எண்டு ஆரும் ஆக்களை அளக்கிறவையே? ஆற்றை பிள்ளை எண்டுதான் கேக்கவேணும்."

எந்தக் கல்யாண வீட்டிலும் புதிதாய் ஒருவரைக் கண்டால் அம்மாவின் முதல் கேள்வி, யாருடைய பிள்ளை என்பதுதான்.

மாமி சிரித்துவிட்டார். "ஓம், பதியிறதுக்கும் அதைத்தான் கேக்கினம். எவ்வளவு இரத்தம் எண்டு கேக்கிறேல்லை."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மச்சாள் அழுது முடியும்வரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மாமி வென்றார். அவருடைய அப்பாவின் பிறப்பை, மனிதர் எழுபதைத் தொடும் வயதில், பதியவைத்தார். மச்சாளுக்கு இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்று அங்கத்துவ அட்டை. அதை அம்மா வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். மற்றது அமெரிக்க அரசாங்கத்தின் இரத்தக் கணக்கு அட்டை. அதை எடுத்துப் பார்த்த நான் துள்ளிக் குதித்தேன். முப்பத்திரண்டில் ஒன்று.

"மாமி, என்ரை கணக்குச் சரி."

"ஓம், சரிதான்," என்றார் மாமி. அட்டையை என் கையிலிருந்து வாங்கி, மேசை லாச்சிக்குள் அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மச்சாளைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்குக் கோபமான கோபம். அந்தக் காலத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த யாரோ ஒரு அரசாங்க அதிகாரி பூட்டியின் முகத்தைப் பார்த்து எழுதிய அரைவாசி அது என்பது எனக்குத் தெரியாது. தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும் அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை, அதைத் தொடக்கிவைத்தவர்கள் அன்றே போட்டுப் பார்த்திருப்பார்கள் என்பதும் ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.