நாற்பது விநாடி அழைப்புகள்

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துசேராத வருஷங்கள் அவை. திருத்தணியில், அரக்கோணம் சாலையிலிருந்த ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் லோடு விவரங்கள் புத்தூரில் இருந்த இன்னொரு லாரி ஆபீசுக்கு முன்கூட்டியே போய்விடுகின்றன என்று மேனேஜருக்குச் சந்தேகம்.

"யார் யாருக்குப் போன் பண்றாங்கன்னு தெரியணும். யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் என்னிடம்.

சென்னையிலிருந்து வந்த டெக்னீஷியன், மேசைகளுக்கெல்லாம் லைன் பிரித்துத் தரும் பெட்டியில் ஒரு கேபிளைச் செருகி, கையளவு கருவி ஒன்றின் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைத்தார். கேட்டவர்களிடம் "லைன் ரிப்பேர்" என்றேன். மாலைக்குள் என் திரையில் வரிகள் விழத் தொடங்கின: எந்த மேசை, எந்த எண், எத்தனை மணி, எவ்வளவு நேரம்.

அதன் பிறகு யார் ரிசீவரைத் தொட்டாலும் என் கண் திரைக்கு ஓடியது. யாராவது குரலைத் தாழ்த்தினால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் அகப்பட்டவர் புக்கிங் கிளார்க். வயதில் மூத்தவர். ஆபீசே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். தினமும் மதியம் புத்தூரிலுள்ள ஒரே எண்ணுக்கு, நாற்பது விநாடி.

எதிர்முனையில் யாராவது எடுக்கிறார்களா என்று எனக்கு ஒரு ஐயம். பூட்டிக் கிடந்த என் வீட்டு எண்ணை ஆபீசிலிருந்து சுழற்றி, நாற்பது விநாடி மணி அடிக்க விட்டு வைத்தேன். அதையும் பெட்டி நாற்பது விநாடி அழைப்பு என்றே எழுதியது. எதிர்முனையில் எடுத்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

"அப்போ மிஸ்டு கால் குடுத்து சிக்னல் காட்றான்" என்றார் மேனேஜர். நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டெலிபோன் பூத்திலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"லாரி ஆபீசுங்களா?" என்றேன்.

"வீடுங்க இது. போன்ல திருத்தணி நம்பர் காட்டுதே... எங்கப்பா பேசச் சொன்னாரா? பேச மாட்டேன்னு சொல்லிடுங்க." வைத்துவிட்டாள்.

நைனாவுக்கும் அவர் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். "மக வீடாவே இருக்கட்டும். அவ வழியா விஷயம் போகாதா?" என்றார்.

மனது கேட்காமல் டீ நேரத்தில் நைனாவிடம் போனேன். "ஆபீஸ் நம்பரைப் பாத்துத்தான் உங்க பொண்ணு எடுக்கறதில்லைங்க. வேற போன்லருந்து பேசிப் பாருங்க."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். "நான் எங்க பேசறேன்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

சொன்னேன், எல்லாவற்றையும்.

"என்னியே பாத்துகினு இருந்தியா?" பிறகு மெதுவாக, "அவ குரலு எப்பிடிம்மா இருந்துது?"

"நல்லாத்தாங்க இருந்தது. பின்னால கொழந்த அழுதுகினு இருந்துது."

"கொழந்தையா?"

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அப்போதே புத்தூர் பஸ் ஏறிப் போனார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "பேத்தி. என் மூக்கு அப்பிடியே வந்துகிது" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். பெட்டி விஷயமும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் எதிரிலிருந்த பூத்துக்குப் போய்ப் பேசினார்கள். என் திரை காலியாகவே கிடந்தது.

"யார் சொன்னது?" என்று மேனேஜர் என் கண்ணையே பார்த்துக் கேட்டார்.

"தெரியல சார்."

அவர் நம்பவில்லை. லோடு விவரங்களோ புத்தூருக்குப் போய்க்கொண்டேதான் இருந்தன. நான் வேலையை விடும்வரை மதியச் சாப்பாட்டை என் மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டேன்.