பேனாட் துடைத்தெடுத்த கோடு

பேனாட்டுக்கு அழுக்கைக் கண்டால் பொறுக்காது. கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்கிற வேலை அவருக்கு. எட்டு மணி நேரம் அதைச் செய்துவிட்டு, பஸ் மாறி பஸ் மாறி ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டுக்கு வந்தால், சப்பாத்தைக் கழற்றியும் கழற்றாமலும் வீட்டு ஸிங்கைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். விருந்தாளி குடித்து முடித்த கோப்பை மேசையில் ஒரு நிமிடம் இருக்காது. "இந்த மனுசன் செத்தால் பெட்டிக்குள்ள ஒரு துணியும் வைச்சுவிடோணும்" என்று மனைவி வேரோனிக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் துணிதான் மனுசனைக் கவிழ்த்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் பன்னிரண்டு வருடம் படம் கழுவியவர் அவர். ஸ்காபரோவில் கல்யாண வீடியோ எடுக்க வீதிக்கு ஒருவர் இருந்தார்கள். அந்தப் போட்டிக்குள் அவர் போகவில்லை. சனங்கள் ஊரிலிருந்து பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டு வந்த சினிமாச் சுருள்களை வாங்கி, புரொஜெக்டரில் ஓட்டி, சுவரில் ஒட்டிய வெள்ளை மட்டையில் விழுத்தி, அதைக் கமராவால் எடுத்து வீடியோ கசெற் ஆக்கிக் கொடுப்பார். கழுவாத சுருள் எப்போதாவது வந்தால் பாத்றூமைப் பூட்டிக்கொண்டு கழுவுவார். அந்த நாட்களில் வேரோனிக்கா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

இந்தச் சின்னச் சுருள்களின் வேலையை அவர் ஸ்ரூடியோவில் படித்தவரல்ல. நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு புத்தகங்களும் தன் கைப்பழக்கமும்தான். எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். தெரியாததை இன்னொருவரிடம் போய்க் கேட்பது அவருக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் புனிதவதி வந்தாள். கூட அவளுடைய மகள் சுபாங்கி, பதின்மூன்று வயது. புனிதவதி கைப்பைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பிளாஸ்ரிக் கூட்டை எடுத்தாள். உள்ளே கழுவாத ஃபிலிம். எண்பத்து மூன்றில், சுபாங்கி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, கணவனின் கூட்டாளி ஒருவர் லண்டனிலிருந்து வந்தபோது எடுத்துவிட்டு, கழுவி வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துப் போனது. அடுத்த வருடம் கணவன் சச்சிதானந்தன் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கூட்டாளி எங்கே இருக்கிறார் என்றும் பிறகு தெரியவில்லை. கூடு மட்டும் அவளோடு கொழும்புக்கு வந்து, கனடாவுக்கும் வந்துவிட்டது.

"லாப்பில குடுத்தால் அமெரிக்காவுக்குத் தபாலில அனுப்புவினமாம், அண்ணை. நடுவழியில துலைஞ்சால் நான் ஆரைக் கேக்கிறது? இவள் தேப்பன் ஆடி அசையிறதை ஒருநாளும் பாத்ததில்லை. நீங்கள் உங்கட வீட்டிலயே கழுவித் தாங்கோ."

"நிறம் வராது தங்கச்சி. கறுப்பு வெள்ளைதான்."

"அவற்ற முகம் வந்தால் அதுவே காணும்."

கூடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பதை பேனாட் கவனித்தார். வேறு கொம்பனியின் சாமான் போலும் என்று நினைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு தொலைபேசி எடுத்து யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவின் கீழே துவாயைத் திணித்து, இருட்டில் குறட்டால் கூட்டை உடைத்தார். ஐம்பதடிச் சுருள். அந்த வகை ஃபிலிமின் முதுகில் கரி போல ஒரு பூச்சு இருக்கும். சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தெடுத்தால்தான் படம் தெரியும். பேனாட் மருந்தில் கழுவினார், துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சின்னஞ்சிறு கட்டங்களுக்குள் ஒரு மனிதன் சைக்கிளோடு நின்றான். ஆனால் கரையோரம் நெடுகத் துரு நிறத்தில் ஒரு கோடு மிச்சம் இருந்தது. பூச்சு சரியாகப் போகவில்லை என்று எண்ணினார்.

எண்ணினால் விடுகிற ஆளா அவர்? ஃபிலிமை வீட்டு நடைக்கூடம் முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, நகத்தால் மெல்லச் சுரண்டி, அடி அடியாக அந்தக் கோட்டைத் துடைத்தார். முதுகு விட்டுப்போனது. பிற்பகல் முழுவதும் எடுத்தது. பிள்ளை தேப்பனைப் பார்க்கப் போகிறது, ஒரு அழுக்கும் இருக்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லித் துடைத்தார். அவ்வளவு அக்கறையாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை வெள்ளை மட்டையில் சச்சிதானந்தன் அசைந்தார். சைக்கிள் பாரில் துவாய் சுற்றிய குழந்தை. அவர் கமராவைப் பார்த்து ஏதோ நீளமாகப் பேசினார், சிரித்தார், பிறகு குனிந்து குழந்தையின் காதுக்குள் ஒன்று சொன்னார். மூன்று நிமிடம் சொச்சம். புனிதவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அங்கிள், அப்பா என்ன சொல்றார்?" என்று சுபாங்கி கேட்டாள்.

"உது ஊமைப்படம் பிள்ளை. அந்த நேரம் உப்பிடித்தான்" என்றார் பேனாட். வேரோனிக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அன்றைக்கு பேனாட்டுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

எட்டு மாதம் கழித்து, புரொஜெக்டருக்கு பல்ப் தேடி, பழைய கமராச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனார். கடைக்கார வெள்ளைக்காரக் கிழவர் பேச்சுவாக்கில் ஒரு புரொஜெக்டரை ஓட விட்டார். திரையில் ஒரு பிள்ளை கேக் வெட்டியது; பெட்டிக்குள்ளிருந்து பாட்டும் கைதட்டலும் கேட்டன. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பேனாட் கேட்டார். கிழவர் ஃபிலிமின் நுனியை பேனாட்டின் விரலில் வைத்து, கரையைக் காட்டினார். துரு நிறத்தில் ஒரு கோடு. இதுதான் ஐயா சத்தம், இதில்தான் குரல் பதிவாகியிருக்கும், இந்த வகைக்கு ஃபிலிம் கூடும் கொஞ்சம் நீளம் என்றார்.

பேனாட் பல்பை வாங்காமலே வெளியே வந்தார். பஸ் தரிப்பில் மூன்று பஸ் வந்து போயின. தன் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். வேண்டுமென்று செய்ததில்லையே என்று சொல்லி, மூன்று செபம் கொடுத்தார் சாமியார். முப்பது சொல்லியும் பேனாட்டுக்கு ஆறவில்லை. ஒரு நாள், சுபாங்கி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்து, புனிதவதியின் வீட்டுக்குப் போனார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார்.

புனிதவதி அடுப்பை நிற்பாட்டினாள்.

"அப்ப அதில அவற்ற குரல் இருந்ததோ?"

"இருந்தது தங்கச்சி. நான்தான் சுரண்டி எடுத்தனான். ஊத்தையெண்டு நினைச்சு."

அவள் திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு நல்லாக இருந்திருக்கும். அவள் கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.

"அவற்ற குரல் எப்பிடி இருந்ததெண்டு எனக்கே மறந்துபோச்சு, அண்ணை. அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. படுத்துக் கிடந்து யோசிச்சுப் பாப்பன், வராது." அடுப்புப் பக்கம் திரும்பி, "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "தேப்பன்ர முகம் கிடைச்ச சந்தோசத்தில இருக்கிறாள். உது ஊமைப்படமாவே இருக்கட்டும்."

"பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"ஓம். எனக்காகச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு யார் சுருள் கொண்டு வந்தாலும் பேனாட் முதலில் கரையைத்தான் பார்ப்பார். கழுவுகிற வேலையை விட்டுவிட்டார். ஏனென்று கேட்டவர்களுக்கு முதுகு நோவு என்றார்.

தொண்ணூற்றொன்பதில் சுபாங்கி தனியாக வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். இப்போது பேனாட் வீட்டில் கொம்பியூட்டர் இருந்தது. கசெற்றுகளை அதில் ஏற்றி சிடியாக அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கசெற் தேய்ஞ்சு போச்சு அங்கிள். எவ்ரி டே பாக்கிறனான். சிடியில போட்டுத் தாறீங்களா?" ஃபிலிமையும் கொண்டு வந்திருந்தாள். வேரோனிக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, மேசை லாம்பில் அதைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விளிம்பை விரலால் தடவினாள்.

"இந்தக் கரையில கீறல் கீறலா இருக்கே அங்கிள், என்ன இது?"

பேனாட் கொம்பியூட்டரை விட்டுத் திரும்பவில்லை.

"நான் கழுவேக்க வந்தது பிள்ளை. என்ர கைப்பிழை."

"ஓ, இட்ஸ் ஓகே. முகத்தில படேல்லைத்தானே." ஃபிலிமைப் பத்திரமாகச் சுற்றினாள். "என்ர காதில அப்பா ஏதோ சொல்றார் எல்லோ? நான் வாயைப் பாத்துப் பாத்துக் கண்டுபிடிக்க ட்ரை பண்ணுறன். சில நாள் சரியா விளங்கின மாதிரி இருக்கும், அடுத்த நாள் இல்லை. சத்தம் இல்லாத படம்தானே, ஷுவரா?"

"ஓம் பிள்ளை" என்றார் பேனாட். "ஊமைப்படம்தான்."

அவள் நன்றி சொல்லி, சிடியை வாங்கிக்கொண்டு போனாள். அவள் குடித்து வைத்த கோப்பை, அடியில் காய்ந்த தேயிலையோடு இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் வேரோனிக்கா எடுத்துக் கழுவி வைத்தாள்.