த்வாண்டே போகும் வழியில் ஒரு பலகைப் பாலம்

யாங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. அதனால் சனிக்கிழமை காலையிலேயே படகில் ஆற்றைக் கடந்து, வாடகை வண்டிகள் இரண்டில் நண்பர்கள் நால்வரும் த்வாண்டே பக்கம் வயலோர மண்பாதையில் போகிறோம். போன வருட விபத்துக்குப் பிறகு பாலன் வண்டி ஓட்டியதில்லை. என் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

மழை அரித்த இடத்தில் பலகை போட்டிருக்கிறார்கள். மற்ற இருவரும் முன்னாலேயே போய்விட்டார்கள். எங்கள் பேச்சைக் கேட்ட பக்கத்து டீக்கடைக்கார அக்கா, பர்மிய வழக்கில் மா செல்வி, தமிழிலேயே கூப்பிடுகிறார்: "ரெண்டு பேரா ஏறாதீங்க தம்பி, பலகை தாங்காது. ஒருத்தர் நடந்து போங்க."

பாலன் இறங்கிப் பலகையையே பார்க்கிறான். பிறகு என்னிடம், "நீ நட. நான் எடுக்கிறேன்" என்கிறான்.

"பயமா இருக்கா தம்பி?" என்கிறார் மா செல்வி.

"இருக்கட்டும் அக்கா."

பலகை வளைந்து நிமிர்கிறது. பாலத்தைத் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. வயல்களுக்கு நடுவே வளைவில் திரும்பி மறைகிறான். நான் சந்தோஷமாக நடக்கிறேன்.