ஆவணிக்குக் காத்திருந்த மாட்டுக்கொட்டில்

என் மருமகன் குகநேசன் ஒஸ்லோவில் பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறார். முதுகு போய்விட்டது. வைத்தியர் வேலையை மாற்றச் சொன்னார். இவர் கடற்கரையில் ஒரு மாட்டுக்கொட்டில் வாங்கினார்.

இது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, யூன் கடைசியில். ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருக்கிற வீட்டை வங்கியில் ஈடு வைத்து வாங்கியது. பழைய சொந்தக்காரரே கொட்டிலை வீடாக்கியிருந்தார்: மாடு நின்ற இடத்தில் குளியலறை, வைக்கோல் கிடந்த பரணில் நாலு கட்டில். கோடையில் விடுமுறைக்காரருக்குக் கிழமைக்கணக்கில் வாடகைக்கு விட்டால் குளிருக்கு முன் பஸ்ஸை விட்டுவிடலாமாம். வேண்டாமென்று நான் சொன்னால் கேட்கிறவரா?

நோர்வேக்காரர் ஊரைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போவது யூலையில். அந்த நேரம் பார்த்து இவருக்கு ஆனியும் ஆடியும் நினைவுக்கு வந்தன. வருடத்தில் ஒருநாள் தேருக்குத்தான் கோயில் பக்கம் வருவார், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு. இப்போது ஆவணி பிறந்து பால் காய்ச்சாமல் அந்த வீட்டில் ஒருவரும் படுக்கக் கூடாதாம். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே தலை சுற்றியது.

"தம்பி, அது வீடில்லை, மாட்டுக்கொட்டில். மாட்டைக் கட்ட ஆர் நாள் பாத்தவை?"

"வீடெண்டு சொல்லுங்கோ மாமி. நூறு வருசத்து மரம்."

"புதுவீட்டுக்குள்ளை முதல் மாட்டைத்தானே விடுறது? அங்கை நூறு வருசமாய் மாடு குடியிருந்திருக்கு. இனியென்ன சடங்கு?"

என் மகள் சிறிதேவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பேர்கன் நகரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார். மனைவி, மூன்று பிள்ளைகள். யூலையில் மூன்று கிழமை வேண்டும். இவர் ஓகஸ்ட் கடைசியில் வரச் சொன்னார். வீட்டில் என்ன பிழை என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

"வீட்டிலை பிழையில்லை, மாதம்தான் சரியில்லை எண்டு வடிவாய் விளங்கப்படுத்தினனான் மாமி."

"விளங்கினதோ?"

"வைச்சிட்டார்."

அந்த யூலை முழுவதும், பெட்டியும் மிதவையுமாகக் கடலுக்குப் போனவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றி இறக்கினார். ஆவணியில் ஒஸ்லோவிலிருந்து நாற்பது பேர் போனோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. எல்லோரும் புகழ்ந்தார்கள். மழை கொட்டியது. பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிட்டதால் அதன்பின் ஒரு காகமும் வாடகைக்கு வரவில்லை. வங்கிக்குக் கட்ட ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓட்டினார். இரண்டு போத்தல் தைலம் முடிந்தது.

அடுத்த சித்திரையில் பேர்கன்காரர் மறுபடி தொலைபேசி எடுத்தார். மருமகன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வருசம் மாதம் சரியோ எண்டு கேக்கிறார் மாமி."

"ஓமெண்டு சொல்லுங்கோ. பால் எப்பவோ காய்ச்சியாச்சு."

மூன்று கிழமை வந்தார்கள். அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. பஸ்ஸை இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிட்டார். நாள் பார்த்துத் தொடங்கியதால்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார். முதுகைப் பிடிக்காமல், கதிரையில் நிமிர்ந்து இருந்துதான் சொல்கிறார். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.