விருது வாங்கப் போனவருக்குப் பதில் ஆள்

மலையாளப் படங்களுக்கான அந்த வருடத்து விமர்சகர் விருதுப் பட்டியல் வெளியான காலை, சேட்டன் கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. அலமாரித் தட்டில் வைத்திருந்த கைபேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர, விழுவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன்.

"யாருன்னு பாரு மோனே, கையெல்லாம் சோப்பு."

யாரோ பட்டியலை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்கள். சிறந்த படம், சிறந்த இயக்கம், நடிகர், நடிகை என்று இறங்கிப் போய், சிறந்த படத்தொகுப்பு என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது. வாசித்தேன். நம்பாமல் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மறு கன்னத்தையும் வழித்து, துடைத்து, கிழவரின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுத்தான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

சேட்டன் கேரளத்துக்காரர். பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்வது வேலை. கிழவரைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும் என்பதால் வாரத்தில் இரண்டு காலை நான் போவேன். மற்ற நாட்களில் மாலையில் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். கறுப்பில்தான், கொன்ட்ராக்ட் இல்லை. பள்ளிக்கூடம் முடித்தவன் என்று இலங்கையிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். படிப்பு முடிந்ததால் படிப்பு விசாவும் முடியப்போகிறது, இனி ஒரு வேலை ஒப்பந்தம் காட்டினால்தான் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிப்பார்கள் என்பதும் என் படிப்பால் எனக்கு விளங்கிய காரியம்.

அந்தப் படத்தை அவர் தொகுத்தது கிழவரின் சமையலறை மேசையில். ஊரில் கல்யாண வீடியோ வெட்டிப் பழகியவர். பழைய சிநேகிதன் ஒருவன் கையிலிருந்த காசில் ஒரு சின்னப் படம் எடுத்து, காட்சிகளை இணையத்தில் அனுப்பினான். கிழவர் மதியம் தூங்கும் நேரமெல்லாம் வெட்டு, ஒட்டு. ஒரு பெண் படகுத்துறையில் நிற்கும் காட்சியை எனக்குப் பல தடவை காட்டியிருக்கிறார். படகு போய்விட்டது, அவள் நிற்கிறாள்.

"எப்போ வெட்டலாம்?"

"படகு போனதும் வெட்டலாமே, சேட்டா."

"அப்போ பாக்கறவன் படகைத்தான் பாத்திருப்பான். ரெண்டு செகண்ட் விடணும். அப்பதான் அவளைப் பாப்பான்."

எனக்கு அப்போது அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் விமர்சகர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரசாங்க விருது வேறு, ரசிகர்கள் போடும் ஓட்டு வேறு. இது படம் பார்த்து எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கொடுப்பது என்று அவர் விளக்கினார். ஒரு சிற்பம், ஒரு சான்றிதழ், மேடையில் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

"எத்தனை கல்யாண மேடை எடுத்திருக்கேன் மோனே! ஒரு மேடையிலும் ஏறினதில்லை. இதுல ஏறணும்."

அதற்கு அவர் ஊருக்குப் போகவேண்டும். ஊருக்குப் போகவேண்டுமென்றால் பதில் ஆள் வைக்கவேண்டும். பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். லீவில் போகிறவர் தன் இடத்துக்குத் தானே ஒருவரை விட்டுப் போவார். தங்கச்சி, மச்சான் என்று சொந்தத்துக்குள்தான் விடுவார்கள். ஏனென்றால் பதிலுக்கு வந்தவர் கொஞ்சம் நன்றாகச் சமைத்துவிட்டால், போனவர் திரும்பி வரும்போது, வந்தவரே அந்த வீட்டு ஆளாகிக் கதவைத் திறப்பார். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் எங்கள் மாதா கோயில் பங்கிலேயே இருக்கின்றன. பூசையில் ஆளுக்கொரு கரையில் இருப்பார்கள்.

சேட்டன் தன் ஊர்க்காரர் எவரையும் நம்பவில்லை. என்னைக் கேட்டார்.

"எனக்கும் கொன்ட்ராக்ட் தேவை, சேட்டா. தெரியும்தானே?"

"தெரியும். ஆனா நீ படிச்சவன். இந்த வேலையை ஒரு மாசம் பாத்தா ஓடிப்போவே."

சிரித்தார். நானும் சிரித்தேன். விழாத் தேதி அறிவித்ததும் டிக்கெட் எடுத்தார். கிழவரின் மகள், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், கவலையோடுதான் சம்மதித்தார். "வெனிஸ் விழா மாதிரியா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். "பேர் வந்துவிட்டால் திரும்பி வருவானா?"

பகல் முழுவதும் கிழவரோடு, மாலையில் சிஞ்ஞோரா வந்ததும் கோப்பை, பிறகு அந்தச் சின்ன அறையில் சேட்டனின் கட்டிலில் படுக்கை. அந்த நாட்களை நினைத்தால் முதலில் முதுகுதான் ஞாபகம் வருகிறது. நின்றுகொண்டே தூங்கப் பழகினேன். கிழவர் நல்லவர், ஆனால் கேள்வி ஓயாது. சேட்டனை மகன் என்றுதான் சொல்வார். என் மகன் பரிசு வாங்கிவிட்டானா? இன்னும் இல்லை, டொட்டோரே. எப்போது? சனிக்கிழமை. எதிர்வீட்டுக்காரரிடம் தன் வேலையாள் சினிமா இயக்குநர் என்று சொல்லிவைத்திருந்தார். நான் திருத்தவில்லை.

குளிப்பாட்டுகிற நாட்களில் இரண்டாவது ஆளாக என் அம்மா பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவர் விடியலில் மாடிப்படி கழுவுகிறவர். அது முடித்து நேரே வருவார். கிழவரைத் தூக்கி இருத்திவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

"நல்ல வெளிச்சமான அறை, தம்பி."

"ஓம்."

"சும்மா சொன்னனான்."

விழாவுக்கு முதல் நாள் சேட்டன் வீடியோவில் வந்தார். புது வேட்டி, சட்டை. அளவு பார்த்திருக்கிறார் போல. முகத்தில் ஒன்றுமில்லை.

"தள்ளி வெச்சுட்டாங்க. மந்திரிக்கு அன்னிக்கு நேரமில்லையாம். அடுத்த மாசம். சிஞ்ஞோராகிட்ட ஒண்ணு கேளு மோனே, அது வரைக்கும் லீவு நீட்டித் தருவாளான்னு."

கேட்டேன். சிஞ்ஞோரா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அவரும் களைத்துப்போன மனுஷிதான்.

"என்னால் இப்படி இழுபட முடியாது. அப்பாவுக்கு உன்னோடு பழகிவிட்டது. நீயே இரு. அடுத்த வாரம் கொன்ட்ராக்ட் எழுதுவோம், முறைப்படி. அவன் ஆறுதலாகத் தன் பரிசை வாங்கட்டும்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த குளிப்பாட்டு நாளில் அம்மாவிடம் சொன்னபோது, அவர் கிழவரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிக்கிறதுக்கு இதிலை என்ன கிடக்கு?"

"அது அந்த மனுசன்ரை இடம், அம்மா."

"அந்த மனுசன் விட்டிட்டுப் போட்டுது. நீ பறிச்சனியே? அவவாத்தானே தாறா. உன்ரை பெர்மெஸ்ஸோ முடிஞ்சால் ஆர் வந்து பாக்கிறது, அந்தப் படம் வெட்டினவரோ?"

"திரும்பி வந்து எங்கை நிக்கிறது அவர்?"

"நாங்கள் வரேக்கை எங்கை நிண்டனாங்கள்? உனக்கு விசர். படிக்கவச்சதுக்கு நல்லாக் கதைக்கிறாய்."

எங்கள் தமிழ் விளங்காத கிழவர், நடுவில் நனைந்தபடி இருந்து, "சண்டையா?" என்றார். "இல்லை டொட்டோரே, சினிமா விஷயம்" என்றேன்.

அன்று மதியம் கிழவர் தூங்கியதும் சேட்டனைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேறெப்படிச் சொல்வது? அவருடைய தலையணையில் சாய்ந்துகொண்டு, சுவரில் அவர் ஒட்டியிருந்த மாதாவைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"கொன்ட்ராக்ட் போடுவாளாமா?"

"ஓம்."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொன்ன நாளிலை வாறதெண்டால், வருவார் எண்டு அவவிட்டைச் சொல்லுவன்."

அந்தப் பக்கம் அவர் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

"அங்க வேலை போனா பெர்மெஸ்ஸோ போகும். இங்க மேடைன்னா ஒரு நிமிஷம்" என்றார். "நான் வந்துடறேன். வேட்டியை மடிச்சு வெச்சுட்டு வர்றேன்."

அவர் வருவார் என்று சிஞ்ஞோராவிடம் சொன்னேன். "நீ ஒரு மடையன்" என்றார், கோபமில்லாமல். அந்த நேரத்தில் எனக்குப் பெரிய எண்ணம் எதுவும் இருக்கவில்லை. என் சொந்தப் படுக்கையில் கிடந்து தூங்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அம்மா கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார்.

சேட்டன் வாழைக்காய் வறுவலோடு வந்தார். கிழவர் அவருடைய கைகளைத்தான் முதலில் பார்த்தார். "பரிசு?" "அடுத்த மாதம், டொட்டோரே."

அடுத்த மாதம் விழா நடந்தது. அங்கே மாலை, எங்களுக்கு மதியம். அன்று கிழவருக்கு வயிறு சரியில்லாமல், காலையில் குளித்தவரை மறுபடி குளிப்பாட்டவேண்டியிருந்தது. சேட்டன் கூப்பிட நான் ஓடி வந்தேன். கைபேசியை முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்த்து வைத்தோம். ஒவ்வொருவராக ஏறினார்கள், பொன்னாடை, கைகுலுக்கல், படம். நாங்கள் தொட்டிக்குள் குனிந்து ஆளுக்கொரு பக்கம் கிழவரின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிய நேரம், சேட்டனின் பெயரைச் சொன்னார்கள். விட்டால் கிழவர் விழுவார். இருவரும் கழுத்தை மட்டும் திருப்பினோம். அவருடைய சிநேகிதன் மேடையேறிச் சிற்பத்தை வாங்கி, கமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதற்குள் படம் மந்திரியின் முகத்துக்குத் தாவிவிட்டது.

கிழவரைக் கதிரையில் இருத்தித் துவாயால் போர்த்தினோம். அவர் ஈரக்கையால் தட்டினார். சேட்டன் அவருடைய கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அவசரப்பட்டு வெட்டிட்டான்" என்றார், தலை நிமிராமல். "ரெண்டு செகண்ட் விட்டிருக்கலாம்."

நான் கைபேசியை அணைத்துவிட்டு, தண்ணீர் போக அடைப்பானைத் திறந்தேன். கோப்பை கழுவப் போக இன்னும் நேரம் இருந்தது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவில் என் முறை வர அதைவிட நேரம் இருந்தது. கையில் காட்ட ஒன்றுமில்லை.