விரலில் விளைந்த தங்கம்

நகச்சாயத்தின் காரமான வாடை எங்கே வந்தாலும் எனக்குள் ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கிவிடும்; தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிவைத்திருந்த ‘சயனைடு மேட்டி’லிருந்து வெள்ளைத் தூசி எழும்பி, கொடித்துணி, சோறு, கண்ணிமை எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல இறங்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது, இருமல் விடாது, நகங்களெல்லாம் தடித்துப் பழுத்த எலுமிச்சைத் தோலின் நிறத்தில் இருந்தன. “மைன மூடுனா இன்னா, ஒம் பொண்ணு வெரல்ல தங்கம் வெளையுது பாரு” என்று பக்கத்து வீட்டு ரோசம்மா அத்தை அம்மாவைச் சீண்டுவார். நான் அதை அப்படியே நம்பினேன். மூடிய சுரங்கத்தில் வெட்டாமல் விட்ட தங்கமெல்லாம் என் கால் வழியாக ஏறி வருகிறது, அதனால்தான் பாதம் கனக்கிறது என்று விரல்களை வெயிலில் விரித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கனவு காண்பேன்.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெண்பிள்ளை நகத்தைப் பார்த்து ஊர் பேசுமே என்று ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சிவப்புச் சாயம் வாங்கிவந்து, வாராவாரம் பூசிவிடுவாள். இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கேஜுல சொரங்கத்துக்குள்ள எறங்குனவனுக்கும் இருமல், எறங்காதவனுக்கும் இருமல், தூசி தின்ற ஊரு” என்பார் அப்பா. ஜன்னலில் ஈரத்துணி கட்டினார்கள். உள்ளூர் டாக்டரும் தூசிக்கே மருந்து கொடுத்தார்.

காற்று ஓய்ந்த பிறகும் என் மூச்சிரைப்பு ஓயவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. பங்காருபேட்டையில் ரயிலேறி பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது; ஊசியால் எடுத்தார்கள், மறுபடியும் கட்டியது. காரணம்தான் பிடிபடவில்லை. பிழைப்பேனா என்று அப்பா தாழ்வாரத்தில் யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது.

ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டுவதற்காக நர்ஸ் ஒருவர் என் நகச்சாயத்தைப் பஞ்சால் துடைத்தார். துடைத்தவர் அப்படியே நின்று, டாக்டரை அழைத்தார். டாக்டர் என் நகத்தைப் பார்த்தார், பாதத்தை அழுத்திப் பார்த்தார், இது எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“ரொம்ப நாளா கீதுங்க. நாந்தான் மூடி வச்சேன்” என்று சொல்லி அம்மா அழுதாள்.

நகம், பாதம், நுரையீரல் மூன்றும் ஒரே நோய்தான். உடம்பின் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது, குழந்தைகளுக்கு வருவது மிக அபூர்வம் என்றார் டாக்டர். அதன்பிறகுதான் சரியான வைத்தியம் தொடங்கியது.

இன்று ரோசம்மா அத்தை வீடு பூட்டிக்கிடக்கிறது. மேட்டின் ஒரு பக்கம் செடி முளைத்திருக்கிறது. காலில் இறுக்கமான உறை போட்டுக்கொண்டு பெங்களூரில் வேலைக்குப் போகிறேன், நகங்களும் வெளுத்துவிட்டன. ஊருக்குப் போனால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே அம்மா என் விரல்களை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள்.

போன வாரம் சுண்டுவிரலில் லேசாக மஞ்சள் திரும்பியிருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அம்மா விடவில்லை.

“மூடாத கண்ணு. கெளம்பு, டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாம்” என்றாள்.